பேருள்ள பேய்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் பேயைப் பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதலில் ஒரு பெயர் வரும். பிறகு ஓர் இடம் வரும்: கண்மாய்க்கரை, ஓடைத் திருப்பம், தூர்ந்துபோன கிணறு, புளியமரம். அதற்குப் பிறகு அந்த ஆள் எப்படிச் செத்தார் என்ற கதை வரும். பேரும் ஊரும் இல்லாமல் வெறுமனே பயமுறுத்தும் பேய் இங்கே அபூர்வம். மலையடிவாரத்துக் கிழவிகள் சொல்லும் பேய், ஒரு காலத்தில் யாருக்கோ மகளாகவும் யாருக்கோ மருமகளாகவும் இருந்தவள்.

பேய் உண்டா இல்லையா என்பது இந்தச் சொற்பொழிவின் கேள்வி அன்று. செத்தவர்களில் யார் பேயாகிறார், யார் தெய்வமாகிறார், ஒருவரை முன்னதிலிருந்து பின்னதுக்குக் கொண்டுசெல்வது எது என்பதே கேள்வி. இதற்கு விடை தேட இந்த இரண்டு ஊர்களைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஏனெனில், தமிழர்கள் மறக்காத ஒரு கிணறு இங்கேதான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பை ஒட்டிய சிற்றூர் அர்ச்சுனாபுரம். நல்லதங்காளின் பிறந்த ஊர் என்று கதை குறிக்கும் ஊர் இதுதான். அவளுக்கு அங்கே கோயில் இருக்கிறது. ஏழு பிள்ளைகளோடு அவள் விழுந்ததாகச் சொல்லும் கிணறும் இருக்கிறது.

கதையைத் தென்மாவட்டத்தில் சுருக்கிச் சொல்ல யாருக்கும் மனம் வராது. மானாமதுரைக் காசிராசனுக்கு வாழ்க்கைப்பட்டவள் நல்லதங்காள். பன்னிரண்டு ஆண்டு மழை பொய்க்கிறது. பிள்ளைகளின் பசி பொறுக்காமல் அண்ணன் நல்லதம்பியின் வீட்டை நாடி நடக்கிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். கதவு திறந்த பிறகும் மக்கிய கேழ்வரகைக் கொடுத்து, ஓட்டைப் பானையைக் கொடுத்து, அடுப்பெரிக்கப் பச்சை வாழைமட்டையைக் கொடுக்கிறாள். பத்தினி மூட்டிய அடுப்பில் பச்சை மட்டையும் பற்றி எரிகிறது; கூழ் கொதிக்கிறது. அந்தப் பானையையும் அண்ணி உடைத்து விடுகிறாள். அதன்பிறகுதான் கிணறு. ஒவ்வொரு பிள்ளையாகப் போகிறது. மூத்தவன் மட்டும் விவரம் தெரிந்தவன்; ஓடுகிறான், கெஞ்சுகிறான். கதை கேட்பவர்கள் குரல் உடைந்து அழும் இடம் அது. கடைசியில் அவளும் குதிக்கிறாள். நல்லதம்பி திரும்பி வந்து அறிந்து, மனைவியைத் தண்டித்துத் தானும் மாய்கிறான். சிவபெருமான் வந்து உயிர் கொடுப்பதாகச் சில வடிவங்கள் முடிகின்றன.

இந்தக் கதையைப் பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சிட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றார்கள். அட்டையில் புகழேந்திப் புலவர் இயற்றியது என்று போட்டிருக்கும். அந்த நாளில் பல கதைப்பாடல்களுக்கும் அவர் பெயரைப் போடுவது வழக்கமாக இருந்தது. உண்மையில் பாடியவர்கள் பேர் தெரியாத பலர். தெலுங்கிலும் இக்கதை உண்டு. மலையாளத்தில் 1950இல் ‘நல்லதங்கா’ என்று படமாகவே வந்தது. ராஜபாளையம் பக்கம் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் சாதிகள் பல. விசயநகரக் காலத்துக்குப் பின் தெற்கே வந்து குடியேறிய ராஜுக்கள் அவர்களில் ஒரு பிரிவினர். மொழி தாண்டிக் கதை நடமாடுவதற்கு இத்தகைய ஊர்களே பாலம்.

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் தென்னாட்டில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். அப்படிப்பட்ட பஞ்சங்களைக் கண்ட சனங்களுக்கு நல்லதங்காள் கதை ராசா வீட்டுக் கதையாகப் பட்டிருக்காது. சோற்றுக்கு வழியில்லாமல் பிறந்த வீட்டு வாசலில் போய் நின்ற பெண்களை அவர்கள் நேரில் பார்த்தவர்கள்.

கடல் கடந்து மெக்சிகோ நாட்டுக்குப் போனால் இவளைப் போலவே ஒருத்தியைக் காணலாம். அங்கே அவளுக்கு லா யோரோனா என்று பெயர். அழுகிறவள் என்று பொருள். அவளும் தன் பிள்ளைகளைத் தண்ணீரில் மூழ்கடித்தவள். 16ஆம் நூற்றாண்டில் சஹாகூன் என்ற கிறித்தவத் துறவி அந்நாட்டு மக்களிடம் கேட்டுத் தொகுத்த பெருநூலிலேயே, இரவில் பிள்ளைகளை நினைத்து அழும் பெண்குரல் ஒரு கெட்ட சகுனமாகப் பதிவாகியிருக்கிறது. இன்றளவும் ஆற்றங்கரைக்கு இருட்டில் போகும் சிறுவர்களை அவள் பேர் சொல்லித்தான் பயமுறுத்துகிறார்கள்.

செய்கை ஒன்று. ஆனால் மெக்சிகோவின் தாய்க்கு விமோசனம் இல்லை. வெள்ளை உடுப்பில் ஆற்றோரமாக அலைந்துகொண்டே இருக்கிறாள். அர்ச்சுனாபுரத்துத் தாய்க்குக் கோயில் கிடைத்துவிட்டது. வேறுபாடு எங்கே வந்தது? பழி யார்மேல் விழுகிறது என்பதில் வந்தது. லா யோரோனாவின் கதையில், காதலன் கைவிட்டவனாகவே இருந்தாலும், குற்றவாளி அவள்தான். தமிழ்க் கதை கிணற்றடிக்கு வருவதற்கு முன்னால் மிக நீண்ட நேரம் அடுப்படியில் நிற்கிறது. ஓட்டைப் பானை, மக்கிய கேழ்வரகு, பச்சை மட்டை என்று ஒவ்வொரு சாட்சியாக எடுத்து வைக்கிறது. அவளாகக் குதிக்கவில்லை, தள்ளப்பட்டாள் என்று கேட்பவரை ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் கிணற்றைக் காட்டுகிறது. ஊர் தன் குற்றத்தை ஒப்புக்கொண்ட இடத்தில் பேய் தெய்வமாகிறது. இந்தச் சொற்பொழிவின் மையக் கருத்து இதுதான்.

ஒப்புக்கொண்டது முழுமையானதா என்றும் கேட்க வேண்டும். மழை பொய்த்த நாட்டில் குடிகளுக்குத் தானியம் தராத அரசன் மேல் கதை கோபப்படவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாத காசிராசனையும் விட்டுவிட்டது. மொத்தப் பழியும் மூளி அலங்காரி என்ற இன்னொரு பெண்ணின் தலையில் இறங்கியது. இரக்கமற்ற நாத்தனாருக்கும் அண்ணிக்கும் அவள் பெயரே இன்று வசவாக நிற்கிறது. நிறையப் பிள்ளைகளோடு பஸ் ஏறும் தாயை ‘நல்லதங்காள்’ என்று கேலி பேசும் வழக்கமும் இருக்கிறது. அந்தக் கேலி கொடுமையானது. கதையின் அருகில்கூட வராதவர்களின் பேச்சு அது.

அகாலத்தில் இறந்தவர் அடங்க மாட்டார் என்ற நம்பிக்கைக்குத் தென்தமிழ்நாட்டில் சாதியோ மதமோ தடையாக இருந்ததில்லை. 1849இல் கிறித்தவ மதபோதகர் கால்டுவெல் வெளியிட்ட ‘திருநெல்வேலிச் சாணார்’ என்ற ஆங்கில நூலில் ஒரு செய்தி வருகிறது. 1809இல் ஆரல்வாய்மொழிக் கோட்டையைப் பிடிக்க நடந்த சண்டையில் காயம்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேய அதிகாரியை ஒரு மணற்காட்டில் புதைத்தார்கள். சுற்றியிருந்த மக்கள் அவருக்கும் படையல் வைத்தார்கள்: சாராயமும் சுருட்டும். கால்டுவெல்லுக்கு இது அறியாமையாகப் பட்டது. சற்று நின்று யோசித்தால் படையல் வைத்தவர்களின் பெருந்தன்மை தெரியும். படையெடுத்து வந்தவனாக இருந்தாலும், ஊர்பேர் தெரியாத மண்ணில், உறவுகள் பக்கத்தில் இல்லாமல் செத்தவன். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள்.

கால்டுவெல் எழுதிய நாளில் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலிச் சீமையில்தான் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது பிரிந்தது. பாபநாசம் மலைமேல் சொரிமுத்து ஐயனார் கோயிலில் வழிபடப்படும் முத்துப்பட்டனின் கதை இந்தச் சீமையின் கதைகளில் தலையாயது. பார்ப்பனனாகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்காள் தங்கையை மணந்து, மாமனாரின் மாடுகளைக் கள்வரிடமிருந்து மீட்கும்போது கொலையுண்டவன் அவன். அக்காளும் தங்கையும் அவனோடு தீப்பாய்ந்தனர். அவன் சன்னதியில் நேர்த்திக்கடனாகச் செருப்பைக் கட்டுகிறார்கள். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, மக்கள் எவரைத் தெய்வமாக்கினார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய நியாய உணர்வைப் படிக்கலாம் என்று காட்டியவர். நாகர்கோவில் பக்கத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்னும் இதையே வேறு வழியில் கண்டார். கொலையுண்டவரின் கதையைப் பாடும்போதுதான் கோயிலில் சாமியாட்டம் உச்சத்துக்கு ஏறுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் தலபுராணத்தில்கூட ஒரு காட்டுச் சாவு இருக்கிறது. மல்லி என்ற அரசியின் பிள்ளைகள் வில்லியும் கண்டனும் வேட்டைக்குப் போகிறார்கள். கண்டனைப் புலி கொன்றுவிடுகிறது. தம்பியைத் தேடிக் களைத்து உறங்கிய வில்லிக்குக் கனவில் பெருமாள் தோன்றி நடந்ததைச் சொல்கிறார். காட்டைத் திருத்திக் கோயில் எழுப்பச் சொல்கிறார். வில்லியின் பேரால் ஊர் அமைகிறது. 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களில் எத்தனை பேர் புலி கொன்ற கண்டனை நினைக்கிறார்கள்? மல்லி என்ற பேரில் பக்கத்திலேயே ஊர் இருக்கிறது.

பெண்களின் அகால மரணத்துக்கு இந்தச் சமூகம் செய்துவைத்த ஏற்பாடுகள் தனியாகப் பேசத் தக்கவை. பிள்ளையைப் பெறாமலே வயிற்றுச் சுமையோடு இறந்த கர்ப்பிணியின் ஆவி அந்தச் சுமையை இறக்க முடியாமல் தவிக்கும் என்பது நம்பிக்கை. அதற்காக வழியோரத்தில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் பாவி, சுமைதாங்கி வைத்தார்கள். விறகுக்கட்டோ, நெல்மூட்டையோ, மோர்ப்பானையோ தலையில் சுமந்து வருகிறவர் பிறர் உதவியில்லாமல் அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். அவர் விடும் ஒவ்வொரு பெருமூச்சிலும் அந்தப் பெண்ணின் சுமை குறையும். பேய்ப் பயத்திலிருந்து பிறந்த எந்தச் செயலும் உலகில் இதைவிட அழகானதாக இருக்க முடியுமா என்று தெரியவில்லை. சில கற்களில் இறந்தவளின் பேரும் நிறுவியவரின் பேரும் ஆண்டும் வெட்டியிருக்கும்.

கலியாணமாகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டுக்குள்ளேயே கன்னித் தெய்வமாக இருக்கிறாள். அவளுக்கென ஓர் ஓலைப்பெட்டி. ஆண்டுக்கொரு முறை புதிதாக ஒரு பாவாடை, சட்டை, வளையல், மஞ்சள். போன ஆண்டுத் துணியை எடுத்து வீட்டிலுள்ள வேறொரு சின்னப் பெண்ணுக்குக் கொடுப்பதும் உண்டு. செத்த பிள்ளைக்கு வயது ஏறுவதில்லை. வீட்டில் பேத்திகள் வளர்ந்து அவளைத் தாண்டிப் போகிறார்கள். இதைப் பேய் வழிபாடு என்று எழுதியவர்கள் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி மலைக்கு வரலாம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் வாசல். அங்கே பேச்சியம்மன் இருக்கிறாள், ராக்காச்சியம்மன் இருக்கிறாள். ராஜபாளையத்துக்கு மேற்கே அருவிக்கரையில் நீர்காத்த ஐயனார். ராஜபாளையம் குடிக்கும் தண்ணீர் அந்த மலையோடையிலிருந்துதான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது.

பேச்சியின் உருவத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மடியில் ஒரு பெண்ணைக் கிடத்தி வயிற்றைக் கிழிப்பாள். தலைக்குமேல் தூக்கிய கையில் ஒரு குழந்தை. காலடியில் மிதிபட்ட அரசன். கொடிய அரசனுக்குப் பிறக்கும் பிள்ளை மண்ணில் பட்டால் நாடு அழியும் என்ற சாபக்கதையின் உருவம் அது. இத்தனை கோரமான இவள்தான் பேறுகாலத்துக்குக் காவல். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் பெரியாச்சி என்ற பேரில் இருக்கிறாள். பிள்ளை பெற்ற தாய்மார் முப்பதாம் நாள் குழந்தையை அவள் முன்னால்தான் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். பிரசவம் மறுபிறப்பாக இருந்த காலத்தில், அந்தப் பயத்தை மறைக்காமல் முகத்துக்கு நேரே காட்டும் தெய்வத்தைத்தான் பெண்கள் நம்பினார்கள். விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகளைப் புரட்டினால் பேச்சியம்மாள், பேச்சிமுத்து, இசக்கி, சுடலை, மாடசாமி, கருப்பசாமி என்று வரிசையாக வரும். தங்களைப் பயமுறுத்துகிறவற்றின் பேரையே தங்கள் பிள்ளைகளுக்கு வைத்த மக்கள் இவர்கள்.

இந்த மலையோடைகளில் உச்சிப்பொழுதிலும் அந்திக்குப் பிறகும் நிற்காதே, நீரில் குடியிருக்கும் கன்னிமார் என்ற தெய்வங்கள் இழுத்துக்கொள்வார்கள் என்பார்கள். மேலே மலையில் மழை கொட்டியது கீழே நிற்பவருக்குத் தெரியாது. கால்மணி நேரத்தில் முழங்கால் தண்ணீர் ஆளை உருட்டும் வெள்ளமாகும். 2015 மே மாதம் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் அப்படி வந்த வெள்ளம் பக்தர்களின் உயிரைக் குடித்தது. செண்பகத்தோப்பிலும் ஓடைக்கு அந்தப் பக்கம் சிக்கியவர்களைக் கயிறு கட்டி மீட்பது அடிக்கடி நடக்கிறது. என்றாலும், கன்னிமாரை வெறும் வெள்ள எச்சரிக்கை என்று சுருக்கிவிடுவது தவறு. எச்சரிக்கைப் பலகைக்கு யாரும் பூவும் மஞ்சளும் வைப்பதில்லை.

காட்டில் வாழும் பளியர்களுக்கு இந்த அச்சம் வேறு மாதிரி. செண்பகத்தோப்பிலும் ஐயனார் கோயில் பக்கத்திலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. 1962 முதல் பளியரிடையே தங்கி ஆய்வு செய்த பீட்டர் கார்ட்னர், அவர்களுடைய சாமிகள் ஆட்கள்மேல் இறங்கிப் புத்தி சொல்லி ஆறுதல் தரும் பெரியவர்களைப் போன்றவை என்று எழுதினார். சமவெளிக்காரன் நடுங்கும் அதே இருட்டில் அவர்கள் தேனெடுக்கப் போய்வருகிறார்கள்.

இரவில் பெண் அலறுவதுபோல் கேட்கும் குரல் இலங்கைக் காடுகளில் ‘உலமா’ என்று பேர் பெற்றது. கணவன் கொன்று சமைத்துவைத்த தன் குழந்தையின் விரலை உணவில் கண்டு, அலறியபடி காட்டுக்குள் ஓடிய தாய் அந்தப் பறவையானாள் என்பது சிங்களவர் கதை. புள்ளி வயிற்றுப் பெரிய ஆந்தையின் குரல் அது என்று பறவையியலாளர் பலர் கருதுகின்றனர். அந்த ஆந்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. மெக்சிகோவிலும் இலங்கையிலும் இருட்டுக்குள் அழுவது பிள்ளையை இழந்த ஒரு தாயாகவே இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பேய் பிடித்தல் என்பது இதில் மிகவும் சங்கடமான பகுதி. தட்டிக் கழிக்கக் கூடாத பகுதியும்கூட. பேயோட்டும் கோடாங்கி உடுக்கை அடித்துக் கேட்பான்: “யாரு நீ? எந்த ஊரு? இந்தப் பிள்ளைய எதுக்குப் புடிச்ச?” தலைவிரித்து ஆடும் பெண்ணின் வாய் பேரைச் சொல்லும், செத்த விதத்தைச் சொல்லும், கேட்டதைச் சொல்லும். பிறகு உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்து அறைவார்கள். தென்னார்க்காட்டில் இதை நேரில் ஆராய்ந்து 2000இல் நூலாக்கிய இசபெல் நபோக்கோவ், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான இளம்பெண்கள் என்பதையும், பிடித்ததாகச் சொல்லப்பட்டவை தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் ஆவிகள் என்பதையும் கண்டார். அந்தச் சடங்கு பெண்ணின் மனத்தை ஆற்றுவதைவிட அவளைப் புகுந்த வீட்டுக்கு அடங்கி நடக்கப் பழக்குகிறது என்பது அவர் வாதம்.

இந்த ஐயம் தமிழருக்குப் புதிதல்ல. குறிஞ்சித் திணையின் வெறியாட்டுப் பாடல்கள் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. காதலால் மெலிந்த பெண்ணை முருகு அணங்கியதாகத் தாய் நினைக்கிறாள், வேலனை அழைக்கிறாள், கழங்கு உருட்டுகிறார்கள், ஆடு அறுக்கிறார்கள். உண்மை தோழிக்குத் தெரியும், தலைவிக்குத் தெரியும், பாட்டைக் கேட்பவருக்கும் தெரியும். வீட்டுக்கு மட்டும் தெரியாது. வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற புலவருக்குப் பேரே இந்தத் துறையால் வந்தது. பெண்ணின் உடம்பில் தெரிவது சாமியா, சொல்ல முடியாத ஆசையா என்ற கேள்வியைச் சங்கப் புலவர்கள் வெகு நுட்பமாகக் கேட்டுவிட்டார்கள். ஊர்கள்தான் அதைக் கேட்க மறுத்தன.

மறுத்ததன் விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில், பேய் பிடித்ததாக நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களையும் அடைத்து மனநலக் காப்பகம் என்ற பேரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களில் 28 பேர் கருகி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. நாட்டார் வழக்காற்றை நேசிப்பவர்கள், வேப்பங்குழையால் அடிப்பதையும் சங்கிலியில் பூட்டுவதையும் மரபு என்று சொல்லிக் காக்கக் கூடாது. கோடாங்கியின் சடங்கில் மதிக்கத் தக்கது ஒன்று உண்டு: “யாரு நீ, உனக்கு என்ன நடந்தது” என்று கேட்பது. அந்தக் கேள்வியைப் பிள்ளைபெற்ற மறுமாதத்தில் மனம் சோர்ந்து கிடக்கும் பெண்ணிடம் அவளுடைய வீட்டார் கேட்டிருந்தாலே பல கிணறுகள் கதையில்லாமல் இருந்திருக்கும்.

இந்தக் கதைகளைச் சேகரிக்கும் வேலை நடந்தே வந்திருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், அ.கா. பெருமாள், தொ. பரமசிவன், ஆ. சிவசுப்பிரமணியன் போன்றோரும் தெற்கே செய்திருப்பது மகத்தான பணி. கரிசல் காட்டுக் கதைகளை வாழ்நாளெல்லாம் திரட்டியவர், 2021இல் மறைந்த கி. ராஜநாராயணன். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலையடிவாரத்தை ஊர் ஊராக, கல் கல்லாகப் பார்க்கும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்கு அவசரமும் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை அகலமாகிறது. சாலை அகலமாகும் இடங்களில் முதலில் பெயர்க்கப்படுபவை ஓரத்துப் புளியமரங்களும் சுமைதாங்கிகளும்தான். குலதெய்வக் கோயில்களோ ஒவ்வொன்றாகக் கோபுரம் கட்டிக் குடமுழுக்கு நடத்துகின்றன. மடியில் கிழிபட்ட வயிற்றோடு இருந்த பேச்சிகள் சாந்த முகத்து அம்மன்களாகிறார்கள். கோயில் பெரிதாவதில் குற்றமில்லை. யார் செத்து இந்தச் சாமி வந்தது என்ற கதை மட்டும் கல்வெட்டில் ஏறுவதே இல்லை.

இந்த இரண்டு ஊர்க் கல்லூரி மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு சுமைதாங்கியின் எழுத்தையும் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். எழுத்து தேய்ந்திருந்தால் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். கல் யாருக்காக வைத்தது, அவள் பேர் என்ன, பிறந்த ஊர் எது, கட்டிக்கொடுத்த ஊர் எது, பேறுகாலத்தில் இறந்தாளா வேறு விதமாகவா, கல்லை நட்டவர் அப்பனா அண்ணனா புருசனா, இன்று அதற்கு எண்ணெய் தடவுகிறவர் யார். கதை சொல்கிறவர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்துகிறார் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.